ரோமானிய மாகாண வெண்கலக் காசுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய நாணயங்களைப் பற்றி எழுதத் தொடங்கியதிலிருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. வெளிநாட்டு மியூசியங்களுக்குப் போய்வந்தவர்கள்தான் அதிகம் கேட்பார்கள். "கறுத்துத் தேய்ந்த காசுகள் வரிசையாக இருந்தன, ரோமானிய மாகாணம் என்று எழுதியிருந்தது, அது என்ன?" என்பார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். என் சார்பு என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தங்கக் காசில் பேரரசர் பேசுகிறார், இந்த வெண்கலக் காசில் ஒரு ஊர் தன்னைப் பற்றித் தானே பேசுகிறது. அதனால் எனக்கு இதுதான் பெரிது.

ரோமானிய மாகாணக் காசு என்றால் என்ன? ரோமில் அடித்த காசு வேறு, இது வேறா?

வேறுதான். ரோம் நகரத்து அக்கசாலையிலும் ஒருசில பெரிய அரசு அக்கசாலைகளிலும் அடித்த தங்க, வெள்ளிக் காசுகள் பேரரசு முழுக்கச் செல்லும். ஆனால் அன்றாடச் சில்லறையை எல்லா ஊருக்கும் ரோம் அனுப்பவில்லை. இன்றைய துருக்கி, கிரீஸ், பல்கேரியா, சிரியா, லெபனான், இஸ்ரேல், எகிப்து பகுதிகளில் இருந்த நகரங்கள் தங்களுக்கு வேண்டிய சில்லறையைத் தாங்களே அடித்துக்கொண்டன. அப்படி அடித்த ஊர்கள் 500-க்கும் மேல்.

பொதுவாக முன்பக்கத்தில் பேரரசர் அல்லது அவர் குடும்பத்தார் தலை இருக்கும். பின்பக்கத்தில் அந்த ஊரின் தெய்வம், கோயில், ஆறு, விழா என்று ஏதாவது ஒன்று, கூடவே ஊர்க்காரர்களின் பெயர். "எபேசுக்காரர்களுடையது", "சிமிர்னாக்காரர்களுடையது" என்பதுபோல எழுதியிருக்கும். ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்ட கி.மு. 44-இலிருந்து கி.பி. 296-97 வரை உள்ளவற்றை ஆய்வாளர்கள் இந்தப் பெயரில் சேர்க்கிறார்கள்.

மேற்குப் பக்கம், ஸ்பெயின் மாதிரி இடங்களில் இது இல்லையா?

ஆரம்பத்தில் இருந்தது. ஸ்பெயினில் பல ஊர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தில் லத்தீன் எழுத்தில் காசு அடித்தன. கலிகுலா காலத்தோடு, அதாவது கி.பி. 41 வாக்கில், அங்கே நின்றுவிட்டது. கிழக்கில் மட்டும் இன்னும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் தொடர்ந்தது.

அது உண்மையிலேயே வெண்கலம்தானா? சிலது மஞ்சளாக இருக்கிறது, சிலது கறுப்பாக இருக்கிறது.

"வெண்கலம்" என்பது வசதிக்காகச் சொல்வது. சில ஊர்கள் செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையில் அடித்தன. சில ஊர்கள் ஏறக்குறைய சுத்தமான செம்பில் அடித்தன. பெரும்பாலானவை செம்பு, வெள்ளீயம், அதோடு நிறைய ஈயம். ஈயம் மலிவு, சீக்கிரம் உருகும், வில்லை வார்ப்பது சுலபம். மேலே தெரியும் நிறம் உலோகத்தைவிட மண்ணைத்தான் அதிகம் காட்டும். இரண்டாயிரம் வருஷம் எந்த மண்ணில் கிடந்ததோ அதற்கேற்பப் பச்சையோ கறுப்போ பழுப்போ படியும்.

எழுத்தெல்லாம் கிரேக்கம். அப்போ இதைக் கிரேக்கக் காசு என்று சொன்னால் என்ன?

நூறு வருஷத்துக்கும் மேல் அப்படித்தான் சொன்னார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வியன்னாவின் ஜோசப் எக்கெல், பழைய நாணயங்களை ஸ்பெயினில் தொடங்கி மத்தியதரைக் கடலைச் சுற்றி ஊர் ஊராக வரிசைப்படுத்தினார். பெரிய மியூசியங்களின் இழுப்பறைகள் இன்றும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. அதனால் எபேசில் கி.மு. நான்காம் நூற்றாண்டில் அடித்த வெள்ளிக் காசும், கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் ரோமானியப் பேரரசர் தலையோடு அடித்த வெண்கலமும் ஒரே இழுப்பறையில் கிடக்கும். பிரிட்டிஷ் மியூசியம் 1873 முதல் 1927 வரை வெளியிட்ட கிரேக்க நாணயப் பட்டியல்களிலும் இரண்டும் சேர்ந்தே வரும்.

இதில் ஒரு நஷ்டம் உண்டு. கிரேக்கக் காசு ஆய்வாளர் அழகான பழைய வெள்ளியைப் பார்ப்பார், ரோமானிய ஆய்வாளர் ரோமில் அடித்ததைப் பார்ப்பார், நடுவில் இந்த வெண்கலத்தை யாரும் முழுதாகப் பார்க்கவில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆண்ட்ரூ பர்னெட், பாரிஸின் மிஷெல் அமாந்திரி, ஸ்பெயினின் பெரே பாவ் ரிபொய்யேஸ் மூவரும் சேர்ந்து 1992-இல் முதல் தொகுதியை வெளியிட்ட ஆர்.பி.சி. (Roman Provincial Coinage, அதாவது ரோமானிய மாகாணக் காசுகளின் பட்டியல்) திட்டம்தான் இதைத் தனித்துறையாக நிற்க வைத்தது. லண்டன், பாரிஸ், பெர்லின், வியன்னா, மியூனிக், கோபன்ஹேகன், ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், கிளாஸ்கோ, நியூயார்க் ஆகிய பத்து ஊர்களின் சேகரிப்புகளை அடிப்படையாக வைத்துத் தொடங்கினார்கள்.

பின்பக்கத்தில் அப்படி என்ன விசேஷம்? தேய்ந்த காசில் ஒரு உருவம் நிற்கிறது, அவ்வளவுதானே?

அந்த உருவம் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பண்டைய உலக அதிசயங்களில் ஒன்றான ஒலிம்பியா ஜீயஸ் சிலை அழிந்துவிட்டது. அதைச் செய்த ஃபீடியாஸ் என்ன வடிவில் செய்தார் என்பதை அறிய நமக்கிருக்கும் நல்ல சாட்சிகளில் ஒன்று, பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் எலிஸ்காரர்கள் அடித்த வெண்கலக் காசு. ஒலிம்பியா அவர்கள் ஆட்சியில் இருந்த இடம், சிலையைத் தினமும் பார்த்தவர்கள் அவர்கள். அதுபோல பிராக்ஸிடெலஸ் செதுக்கிய, கினிடோஸ் ஊரில் இருந்த அஃப்ரோடிட்டி தெய்வத்தின் மூலச் சிலையும் இன்று இல்லை. பேரரசர் கரகல்லாவும் அவர் மனைவி பிளாட்டில்லாவும் உள்ள கினிடோஸ் காசில் அந்தச் சிலை இருக்கிறது. பல மியூசியங்களில் உள்ள பளிங்குச் சிலைகளில் எவை அதன் நகல் என்று அடையாளம் காண அந்தச் சின்னக் காசுதான் கைகொடுத்தது.

அலெக்சாந்திரியாவின் கலங்கரை விளக்கம் டொமீஷியன் முதல் கோமொடஸ் வரையிலான காலத்துக் காசுகளில் வருகிறது. இன்றைய துருக்கியில் இருந்த ஃபிரிஜியா பகுதியின் அப்பமேயா ஊர் இன்னும் ஆச்சரியம். தண்ணீரில் மிதக்கும் ஒரு பெட்டி, உள்ளே ஆணும் பெண்ணும், மேலே ஒரு பறவை, கிளையோடு பறந்துவரும் இன்னொரு பறவை, பெட்டியின் மேல் "நோவே" என்ற எழுத்து. பைபிளில் வரும் நோவாவின் பெருவெள்ளக் கதையேதான். அந்த ஊரில் யூதர்கள் இருந்தார்கள், பக்கத்து மலையில்தான் பேழை தங்கியது என்ற நம்பிக்கையும் இருந்தது. செப்டிமியஸ் செவரஸ் காலத்தில் தொடங்கி மூன்றாம் நூற்றாண்டுப் பேரரசர்கள் சிலர் காலத்திலும் அந்தப் படத்தை அடித்திருக்கிறார்கள். ஒரு யூதக் கதையை, கிரேக்க மொழி பேசும் ஊர், ரோமானியப் பேரரசர் தலைக்குப் பின்னால் தன் பெருமையாகப் போட்டிருக்கிறது. அந்த ஊரில் யார் யார் கூடி வாழ்ந்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கோயில் படம் போட்ட காசை வைத்து அந்தக் கோயில் எப்படி இருந்தது என்று சொல்லிவிடலாமா?

பாதி நம்பலாம். தூண்களின் எண்ணிக்கையை நம்பவே கூடாது. எட்டுத் தூண் உள்ள கோயிலுக்கு நான்கு தூண் போட்டு, நடுவில் இடைவெளி விட்டு, உள்ளே இருக்கும் சிலையை வெளியே தெரியும்படி பெரிதாகக் காட்டுவார்கள். பார்ப்பவருக்கு எந்தக் கோயில் என்று தெரிந்தால் போதும் என்பதுதான் அவர்கள் கணக்கு.

ஆனால் எந்த விவரத்தை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள், அதை நம்பலாம். எபேசின் ஆர்ட்டெமிஸ் கோயில் காசுகளில் கூரை முகப்பில் ஜன்னல்போலத் திறப்புகள் வருகின்றன. சாதாரணக் கிரேக்கக் கோயிலில் அது கிடையாது. ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒரு தனித்தன்மையாக இருந்தால்தான் அதை மெனக்கெட்டுச் செதுக்கியிருப்பார்கள். இன்றைய லெபனானில் உள்ள பிப்லோஸ் ஊர், பேரரசர் மக்ரினஸ் காலத்தில் அடித்த காசில் முற்றத்தின் நடுவே கூம்பு வடிவக் கல் நிற்பதும் அப்படித்தான்.

ஊர்களுக்குள் போட்டி இருந்தது என்கிறார்களே, காசில் அது தெரியுமா?

நன்றாகவே தெரியும். பேரரசருக்குக் கோயில் கட்டிப் பராமரிக்கும் உரிமை பெற்ற ஊர், அதை ஒரு பட்டமாகப் பெயரோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளும். இரண்டாவது கோயிலுக்கு அனுமதி கிடைத்தால் "இருமுறை" என்று சேர்ப்பார்கள், மூன்றாவது கிடைத்தால் "மும்முறை". எபேசு, பெர்கமம், சிமிர்னா மூன்றும் இதில் விடாமல் மோதிக்கொண்டன. பேரரசர் எலகபாலஸ் காலத்தில் எபேசு "நான்காம் முறை" என்று காசில் பெருமையடித்தது. கி.பி. 222-இல் எலகபாலஸ் கொல்லப்பட்டு அவர் பெயரே அழிக்கப்பட்டபோது, அந்த நான்காவது பட்டமும் போய்விட்டது. பிறகு வந்த காசுகளில் எபேசு மறுபடி மூன்றுக்கு இறங்கியிருப்பதைப் பார்க்கலாம்.

அப்புறம் சமாதானக் காசுகளும் உண்டு. இரண்டு ஊர்த் தெய்வங்கள் எதிரெதிரே நிற்க, இரு ஊர்ப் பெயரும் சேர்த்து "ஒற்றுமை" என்று எழுதியிருக்கும். அந்த ஒற்றுமை ஒரு விழாவுக்காகவா, ஒரு சண்டை தீர்ந்ததற்காகவா என்பதைக் காசு சொல்லாது.

எந்த வருஷத்துக் காசு என்று எப்படி அவ்வளவு துல்லியமாகச் சொல்கிறார்கள்?

எல்லாவற்றிலும் முடியாது. பேரரசர் பெயர் தெரிந்தால் அவர் ஆட்சிக்காலம் தெரியும். பல ஊர்களில் அந்த வருஷத்து அதிகாரியின் பெயரும் இருக்கும், அவர் பெயர் கல்வெட்டில் கிடைத்தால் இன்னும் நெருங்கலாம்.

சிரியா பக்கத்து ஊர்கள் வருஷ எண்ணையே போட்டன, ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ஆண்டுக் கணக்கு. சில ஊர்கள் கி.மு. 312-இல் தொடங்கும், செலூசிட் அரசர்களின் ஆண்டுக் கணக்கைப் பயன்படுத்தின. சீசரை மதித்து கி.மு. 49-இலிருந்து எண்ணிய அந்தியோக்கியா போன்ற ஊர்களும் உண்டு. எந்த ஊர் என்று தெரியாமல் எண்ணை மட்டும் வாசித்துப் பயனில்லை. எகிப்தில் பேரரசரின் ஆட்சி வருஷத்தைப் போடுவார்கள், எகிப்தியப் புத்தாண்டு ஆகஸ்ட் 29. ஹேட்ரியன் பதவிக்கு வந்தது கி.பி. 117 ஆகஸ்டில். அதனால் அவருடைய முதல் வருஷம் சில நாட்களிலேயே முடிந்து, ஆகஸ்ட் 29-இல் இரண்டாம் வருஷம் பிறந்துவிட்டது. "முதல் வருஷம்" என்றால் பன்னிரண்டு மாதம் என்று நினைத்துக் கணக்குப் போடுபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

ஒரு காசில் ஒரு முகம் சுரண்டியிருக்கிறது, இன்னொன்றில் சின்ன முத்திரை குத்தியிருக்கிறது, நடுவில் குழியும் இருக்கிறது. எல்லாம் சேதமா?

மூன்றும் வெவ்வேறு. நடுவில் உள்ள சிறு குழி காசு அடிப்பதற்கு முன்பே வந்தது. வில்லையின் ஓரத்தையோ முகத்தையோ செதுக்கிச் சீராக்கும்போது அதைக் கருவியில் பிடித்த தடம் என்பதே பரவலான கருத்து.

சின்ன முத்திரை என்பது புழக்கத்தில் இருந்த காசின்மேல் பிறகு குத்தியது. பழைய காசுக்குப் புது மதிப்புக் கொடுக்க, வேற்றூர்க் காசை உள்ளூரில் செல்லவைக்க, படைவீரர்களிடம் புழங்குவதைக் குறிக்க என்று பல காரணம். யூதேயாவில் இருந்த பத்தாம் படைப்பிரிவு தன் சின்னமான காட்டுப்பன்றியைக் காசுகளில் குத்தியது.

சுரண்டிய முகம் அரசியல். கி.பி. 211-இல் கரகல்லா தன் தம்பி கெட்டாவைக் கொன்றபின், கெட்டாவின் பெயரும் உருவமும் எங்கிருந்தாலும் அழிக்க உத்தரவானது. காரியா பகுதியின் ஸ்ட்ராட்டோனிகேயா ஊரில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே பார்த்துக்கொண்டிருக்கும் பெரிய வெண்கலக் காசுகள் இருந்தன. அவற்றில் கெட்டாவின் முகத்தை மட்டும் தேய்த்து அழித்திருக்கிறார்கள். காசை உருக்கவில்லை, ஒதுக்கவில்லை. மேலே முத்திரை குத்தி மறுபடி புழக்கத்துக்கு விட்டிருக்கிறார்கள். அண்ணன் எதிரே ஒரு வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் காசைச் சேதமடைந்தது என்று ஒதுக்கினால், அதன் வரலாற்றையே ஒதுக்குகிறோம்.

இதை வைத்து அன்றைக்கு என்ன வாங்கியிருப்பார்கள்? ஒரு வெள்ளிக் காசுக்கு இது எத்தனை?

பெரும்பாலான காசுகளில் மதிப்பு எழுதியிருக்காது, அளவையும் எடையையும் வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். கியோஸ் தீவு "ஓபல்", "மூன்று அசாரியன்" என்று சில்லறைக் காசின் மதிப்பை எழுத்திலேயே போட்டது. பல்கேரியாவில் இருந்த மார்கியனோபொலிஸில் இரண்டு தலைகள் எதிரெதிரே உள்ள காசில் ஐந்தைக் குறிக்கும் கிரேக்க எழுத்து இருக்கும்.

பெர்கமத்தில் ஹேட்ரியன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அங்கே காசு மாற்றுபவர்கள் ஒரு தினாரை, அதாவது ரோமானிய வெள்ளிக் காசை, 17 அசாரியனுக்கு வாங்கி 18-க்கு விற்றார்கள். அந்த ஒரு அசாரியன் அவர்களுடைய லாபம். மீன் விற்பவர்கள், சின்ன வியாபாரிகள் சில்லறையில் வாங்கி, வரி கட்ட வெள்ளி தேடிப் போகும்போது இழந்தது அதைத்தான்.

இரண்டு வேறு ஊர்க் காசில் பேரரசர் தலை அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கிறதே, அது எப்படி?

ஒரே மாதிரி அல்ல, பல சமயம் ஒரே அச்சேதான். கொன்ராட் கிராஃப்ட் என்ற ஜெர்மன் ஆய்வாளரின் வேலை 1972-இல் வெளியானபோது, சின்ன ஆசியாவில், அதாவது இன்றைய துருக்கிப் பகுதியில், பல ஊர்கள் ஒரே முன்பக்க அச்சைப் பகிர்ந்திருப்பது தெரியவந்தது. அதாவது ஒவ்வொரு ஊரிலும் நிரந்தர அக்கசாலை இல்லை. ஒரு பட்டறை பல ஊர்களுக்கு அடித்துக் கொடுத்திருக்கலாம், அல்லது அச்சு வெட்டுபவர் ஊர் ஊராகப் போயிருக்கலாம். பேரரசர் தலை எல்லா ஊருக்கும் பொது, பின்பக்கம் மட்டும் ஊருக்கு ஊர் மாறும்.

மியூசியத்தில் ஒரே மாதிரி காசு நூற்றுக்கணக்கில் பூட்டி வைத்திருக்கிறார்களாம். ஒன்று போதாதா?

முந்தைய பதிலே இதற்கும் பதில். அச்சை ஒப்பிட வேண்டுமென்றால் கூடுதல் காசுகள் வேண்டும். ஒரு காசில் தேய்ந்துபோன எழுத்து இன்னொன்றில் தெரியும். பல காசுகளை எடை போட்டால்தான் அந்த ஊர் எந்த எடையில் அடிக்க நினைத்தது என்று தெரியும். எத்தனை அச்சு பயன்பட்டது என்று எண்ணினால் எவ்வளவு அடித்தார்கள் என்று தோராயமாகக் கணிக்கலாம். பிரிட்டிஷ் மியூசியத்தின் நாணயப் பிரிவில் சுமார் 10 லட்சம் பொருட்கள் இருக்கின்றன, காட்சிக்கு வருவது அதில் மிகச் சிறிய பங்கு. மீதி வீணாகக் கிடப்பதாக நினைக்க வேண்டாம். முன்கூட்டியே எழுதிக் கேட்டால் இழுப்பறையைத் திறந்து காட்ட நேரம் ஒதுக்கும் மியூசியங்கள் பல உண்டு.

துருக்கியில் அடித்த காசு ஏன் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிறது?

அரசர்களும் பணக்காரர்களும் வாங்கிச் சேர்த்தார்கள், அவை பிறகு மியூசியங்களுக்குப் போயின. பதினேழாம் நூற்றாண்டிலேயே பதினான்காம் லூயி மன்னருக்காக ஜான் ஃபுவா வையான் மத்தியதரைக் கடல் ஊர்களில் காசு தேடி அலைந்தார். அப்படி வந்தவற்றில் பெரும்பாலானவை எந்த மண்ணில் கிடைத்தன என்ற குறிப்பு இல்லாமலே வந்தன. எனக்கு இதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது. காசு எங்கே அடித்தது என்பதை அதுவே சொல்லும், எங்கே போய்ச் செலவானது என்பதை மண்தான் சொல்லும்.

வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள டூரா யூரோபோஸைப் பாருங்கள். யூப்ரடிஸ் ஆற்றங்கரையில் இருந்த அந்த ரோமானியக் காவல் நகரம் கி.பி. 256 வாக்கில் பாரசீகத்தின் சசானியர் கையில் விழுந்தது. அங்கே அகழாய்வில் 14,000-க்கும் மேல் காசுகள் கிடைத்தன, அவற்றில் பெரும்பகுதி யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனது. எந்தெந்த ஊர் வெண்கலம் அவ்வளவு தூரம் வந்தது என்று அதிலிருந்துதான் படிக்க முடிகிறது. இன்று துருக்கியில் 1983-ஆம் ஆண்டின் 2863-ஆம் எண் சட்டப்படி மண்ணில் கிடைப்பது அரசுக்குச் சொந்தம், அகழாய்வுக் காசுகள் அந்தந்தப் பகுதி மியூசியத்துக்கே போகின்றன. அதுதான் சரி. இணையத்தில் "கண்டெடுத்த இடம் தெரியாது" என்று விற்பனைக்கு வரும் காசை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கும் என் பதில் இதுவே: வேண்டாம்.

நம்ம கரூரில், மதுரையில் கிடைத்த ரோமானியச் செம்புக் காசுகள் மாகாணக் காசுகள்தானே? அலெக்சாந்திரியா, அந்தியோக்கியா என்று ஊர்ப் பெயர் இருக்கிறதே?

இல்லை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கிடைக்கும் சிறிய ரோமானியச் செம்புக் காசுகள் பெரும்பாலும் கி.பி. நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. முதல் பதிலில் சொன்னபடி மாகாணக் காசு 296-97-இல் முடிந்துவிட்டது. பிறகு அதே ஊர்களில் பேரரசின் பொதுக் காசு அடிக்கும் அக்கசாலைகள் இருந்தன. ஊர்ப் பெயரின் சுருக்கம் காசின் அடியில் வருவது அதனால்தான்.

அதற்கு முந்தைய, முதல் நூற்றாண்டு வணிகத்தில் வந்தவை தங்கமும் வெள்ளியும். அகஸ்டஸ், டைபீரியஸ் வெள்ளிக் காசுகள் கோயம்புத்தூர் வட்டாரத்தில் குவியல் குவியலாகக் கிடைத்தன. 1898-இல் புதுக்கோட்டையில் 501 தங்கக் காசுகள் கிடைத்தன, அந்தக் குவியலின் காசுகள் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. இங்கே வந்த கப்பல்கள் எகிப்தின் செங்கடல் துறைமுகங்களிலிருந்து புறப்பட்டவை, ஆனாலும் எகிப்தின் சொந்தக் காசை அவர்கள் கொண்டுவரவில்லை. எகிப்துக் காசு எகிப்துக்குள் மட்டுமே செல்லும். கடல் தாண்டிய வியாபாரிக்கு அது பயன்படாது.

பச்சையாகப் பொடி உதிர்கிறது என்கிறார்கள். புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்காதா?

தயவுசெய்து வேண்டாம். கெட்டியாகப் படிந்த களிம்புதான் காசின் மேற்பரப்பு. எழுத்தும் முகத்தின் கோடுகளும் அதில்தான் நிற்கின்றன. புளியோ எலுமிச்சையோ அதைக் கரைத்துவிடும்.

வெளிர்பச்சையாக உதிரும் பொடி வேறு விஷயம். மண்ணிலிருந்த உப்பு செம்போடு சேர்ந்து, ஈரக்காற்றுப் பட்டதும் உள்ளே அரிக்கத் தொடங்குவதன் அடையாளம் அது. மியூசியங்கள் அத்தகைய காசைத் தனியே எடுத்து, ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி உலர்ந்த பெட்டியில் வைக்கும். பி.வி.சி. உறையில் வைப்பதும் கெடுதல், ஓக் மர அலமாரியும் கெடுதல். இரண்டிலிருந்தும் வரும் அமிலம் உலோகத்தைத் தின்னும்.

இவ்வளவு நன்றாக நடந்தது ஏன் நின்றுபோனது?

வெள்ளி கெட்டதால் வெண்கலம் செத்தது. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் ரோமின் வெள்ளிக் காசில் வெள்ளி குறைந்துகொண்டே போய், கடைசியில் செம்புக்கு வெள்ளிப் பூச்சு என்ற நிலை வந்தது. அதைவிடப் பல மடங்கு எடையுள்ள ஊர் வெண்கலத்தை அதைவிடக் குறைந்த மதிப்புக்கு அடித்தால் ஊருக்குக் கைநஷ்டம். சில ஊர்கள் சமாளித்துப் பார்த்தன. இன்றைய துருக்கியின் தென்கடற்கரையில் இருந்த பாம்ஃபீலியாவில் பழைய காசுகளின்மேல் புது மதிப்பைக் குத்தினார்கள், நான் முன்பு சொன்ன முத்திரைகளில் அவையும் சேரும். பெரும்பாலான ஊர்கள் காலியெனஸ் காலத்தோடு, 260-களில் நிறுத்திக்கொண்டன. பாம்ஃபீலியாவின் பெர்கே ஊர் மட்டும் பேரரசர் டேசிட்டஸ் காலம் வரை, 275-76 வரை இழுத்துக்கொண்டு போனது. எகிப்தில் டயோக்ளீஷியனின் நாணயச் சீர்திருத்தத்தோடு முடிந்தது.

லண்டன், பெர்லின் போக வசதியில்லை. வீட்டிலிருந்தே பார்க்க வழி உண்டா?

உண்டு. ஆர்.பி.சி. திட்டத்தின் இணையதளம் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. பிரிட்டிஷ் மியூசியம், பெர்லின், பாரிஸ், நியூயார்க் நாணயக் கழகம் எல்லாமே தங்கள் காசுகளைப் படத்தோடு இணையத்தில் வைத்திருக்கின்றன.

பேரரசர் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், ஆயிரக்கணக்கில் கொட்டும். ஒரு ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். எபேசு நல்ல தொடக்கம். அகஸ்டஸ் காலத்திலிருந்து காலியெனஸ் வரை அந்த ஊரின் பின்பக்கங்களை மட்டும் வரிசையாகப் பாருங்கள். மான், தேனீ, ஆர்ட்டெமிஸ், பிறகு கோயில்கள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, மறுபடி மூன்று.